சூரியன் சுட்ட கமரா

சண்டிலிப்பாயில் ஒருவன் வீடியோக் கமரா வாங்கப்போகிறேன் என்று சொன்னால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற காலம் அது. இராசநாயகத்தின் நெற்றியை அவனுடைய மனைவி குணலட்சுமி உண்மையாகவே தொட்டுப் பார்த்தாள்.

“மெய்யாத்தான் சொல்லுறியளோ? புகையிலை வித்துப்போட்டுக் கமராவோ வாங்கப் போறியள்?”

“படம் எடுக்கப்போறன் குணம்.”

“ஆரை?”

“ஏரம்புவை.”

“அந்த மனிசனை விடிஞ்சாப் பொழுதுபட்டாப் படலையிலை காணுறியள். அது போதாதெண்டு படமும் எடுக்கவேணுமோ?”

பகிடியாகக் கேட்டாளே தவிர, காரணம் அவளுக்கும் தெரியும். ஏரம்பு போகப்போகிறான், ஜேர்மனிக்கு. ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பொங்கல் கழிந்த பிறகு எந்த நேரமும் ஆள் வரும், வந்தால் அன்றைக்கே வெளிக்கிட வேண்டும் என்பது பேச்சு. எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழி மாதம். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. போட்டோக்கள்தான் வரும், பனிக்குள் காதை மூடிய தொப்பியோடு நின்று சிரிக்கிற போட்டோக்கள்.

இராசநாயகமும் ஏரம்புவும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாக வாத்தியாரிடம் அடி வாங்கி, பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் புகையிலை வைத்தவர்கள். அதெல்லாம் ஊரில் பலருக்கும் வாய்க்கிறதுதான். இவர்களுக்கு வாய்த்த இன்னொன்று நாடகம். வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு வருஷா வருஷம் இராசநாயகம் எழுதுவான், ஏரம்பு ராசாவாக நடிப்பான். வேறு வேஷம் கொடுத்தால் மூஞ்சையை நீட்டிக்கொண்டு போய்விடுவான். மேடையின் நட்டநடுவில் நெஞ்சை நிமிர்த்தி அவன் நின்றால் மந்திரி, சேனாபதி எல்லாரும் ஓரத்துக்குத்தான் போக வேண்டும். வசனம் மறந்துபோனாலும் நடுவை விட்டு அசையமாட்டான். படுதாவுக்குப் பின்னால் நின்று இராசநாயகம் எடுத்துக் கொடுப்பான். அந்தக் குரல் முன்வரிசைக்குக் கேட்கும், முன்வரிசை விழுந்து சிரிக்கும், ஏரம்பு அந்தச் சிரிப்பையும் கைதட்டலாகவே எடுத்துக்கொள்வான். என்ன காலமடா அது! பிறகு கலவரம் வந்து, ஊரடங்கு வந்து, ஆண்டுவிழாவும் நின்றுபோயிற்று.

ஏரம்பு போவதற்கு முதல் அவனை ஒரு படத்துக்குள் பிடித்துவிட வேண்டும். இராசநாயகத்துக்கு வேறு ஆசை இல்லை. அவன் எங்கே போனாலும், ஊர் எப்படிப் போனாலும், போட்டுப் பார்க்க ஒன்று இருக்கும்.

கதையும் தயாராக இருந்தது. மாறுவேடம் போட்டு ஊர் சுற்றுகிற ஒரு ராசா. வண்டில்காரனாகத் தன் நாட்டைப் பார்க்கப் போகிறவர், கடைசியில் தலைப்பாகையை அவிழ்த்து, “நானே உங்கள் மன்னன்” என்று சொல்வார். ராசா மாறுவேடத்தில் இருந்தால் அரண்மனை தேவையில்லை, பட்டுடுப்புத் தேவையில்லை. சண்டிலிப்பாய் ஒழுங்கைகளே நாடு. கையைக் கடிக்காத கதை. கையைக் கடிக்காத கமராதான் கிடைக்கவில்லை.

முதலில் இருவரும் பட்டணத்துக்குப் போனார்கள். கடைக்காரர் இவர்களுடைய சாரத்தையும் செருப்பையும் பார்த்துவிட்டு, புதுக் கமராவைக் கண்ணாடி அலுமாரியைத் திறக்காமலே காட்டினார். விலையைக் கேட்டதும் ஏரம்பு, “உது கமராவோ, காணியோ?” என்றான். வெளியே வந்து ஆளுக்கொரு சோடா குடித்தார்கள்.

அடுத்தது பண்டத்தரிப்பில், சவூதியிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த சின்னக் கமரா. ஒற்றைக் கையால் தூக்கலாம், விலையும் பரவாயில்லை. ஆனால் அதன் கசற் வேறு சாதி. அதைப் போட்டுப் பார்க்க வலிகாமம் முழுக்கத் தேடினாலும் ஒரு டெக் கிடையாது.

“எடுத்ததைப் பார்க்க ஏலாதெண்டாக் கமரா என்னத்துக்கு? சும்மா கண்ணாலையே பார்த்துக்கொண்டிருக்கலாமே,” என்றான் ஏரம்பு. நியாயமான பேச்சுத்தான்.

கடைசியில் கொக்குவில் செபநாயகம். கலியாணவீட்டு வீடியோ எடுக்கிற மனிதர். புதிது வாங்கிவிட்டதால் அவருடைய பழைய கமரா சும்மா கிடந்தது. அது இரண்டு துண்டு: தோளில் வைக்கிற கமரா ஒன்று, கசற் ஓடுகிற பெட்டி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தடித்த வயர். பெட்டியை வேறொருவர் தோளில் கொழுவிக்கொண்டு கமராக்காரனுக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். கசற் ஊரில் எல்லா டெக்கிலும் போடுகிற கசற். இவர்களுக்குக் கமரா பார்த்துப் பழக்கமில்லை. தண்ணீர் இறைக்கிற மெஷின் பார்த்துத்தான் பழக்கம். அதையே இங்கேயும் செய்தார்கள். ஏரம்பு பெட்டியில் காதை வைத்துச் சத்தம் கேட்டான், அடியில் விரலால் தடவி முகர்ந்தும் பார்த்தான்.

“ஒயில் ஒழுகேல்லை,” என்றான்.

செபநாயகம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். “தம்பிமார், படம் எடுத்துப் பழகிற ஆக்களுக்கு உது காணும். கொண்டுபோய்ப் பாருங்கோ. பிடிச்சா வையுங்கோ, பிடிக்காட்டிப் பொங்கல் முடியத் திருப்பித் தாங்கோ. தண்ணி படாமல், மண் படாமல் வைச்சிருங்கோ. கீழை போட்டிடாதேங்கோ. வேறை ஒண்டுமில்லை.”

நல்ல மனிதர். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைத் தவிர. அதையும் சொல்ல வேண்டிவரும் என்று அவர் கனவா கண்டார்?

புது மாடு வாங்கினாலும், புது மெஷின் பூட்டினாலும் நல்ல நாள் பார்த்துத்தான் இராசநாயகம் வீட்டில் தொடங்குவார்கள். கமராவையும் கண்டபடி திருகலாமோ? முதல் படம் மங்களமாக இருக்க வேண்டும். பிள்ளையார் கோயிலை எடுங்கோ என்றாள் குணலட்சுமி. கமராவின் பக்கவாட்டில் இருந்த சின்ன அடையாளத்தை ஏரம்புதான் கண்டுபிடித்தான். ஒரு சுவிச்சின் மேல் வட்டமும் சுற்றிவரக் கதிர்களுமாக ஒரு சூரியன்.

“இஞ்சை பார் நாயகம்! ஜப்பான்காரனே சூரியனைப் போட்டுத்தான் வித்திருக்கிறான்.”

“அவங்கடை கொடியிலையே சூரியன்தானே,” என்றான் இராசநாயகம். அவனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

வெயிலில் எடுக்கும்போது இந்தப் பக்கம் தள்ளு என்பதற்குப் போட்ட குறி அது என்று பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு அது சகுனம். தைப்பொங்கலன்று, பால் பொங்குகிற நேரம், சூரிய பகவானையே முதல் படமாக எடுப்பதென்று முடிவாயிற்று.

அந்தப் பொங்கலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கும். முற்றம் மெழுகி, கோலம் போட்டு, கரும்பும் தோரணமும் கட்டியிருந்தது. சீனவெடி கொளுத்த ஊரில் யாருக்கும் மனமில்லாத வருஷம். வேறு வெடிகளே போதும் என்று ஆகிவிட்டிருந்தது. ஏரம்பு குடும்பமும் அங்கேயே வந்து ஒரே பானையில் பொங்கியது. கடைசிப் பொங்கல் என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏரம்புவின் மனைவி பத்மாவதி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; புகைக்குத்தானா என்று யாரும் கேட்கவில்லை. சூரியன் பனைகளுக்கு மேலே ஏறி வந்தது. இராசநாயகம் கமராவைத் தோளில் வைத்தான். பெட்டியைக் கொழுவிக்கொண்டு பின்னால் நின்ற குணலட்சுமி வயரைப் பார்த்தாள்.

“தாலி கட்டினது காணாதெண்டு வயரும் கட்டியாச்சு.”

“சும்மா இரும். முகூர்த்தம் போகுது.”

சூரியனுக்கு நேரே பிடித்தான். பால் பொங்கி வழியும்வரை, எல்லாரும் கைகூப்பிக் கும்பிட்டு முடியும்வரை, அசையாமல், பக்தியோடு பிடித்தான். பிறகு பானைக்குத் திருப்பினான். பானையின் மேல் வட்டமாய்க் கறுப்பு. பத்மாவதிக்குத் திருப்பினான். அவளுடைய முகத்திலும் கறுப்பு. வேலி, கிணறு, மாடு, எதைப் பார்த்தாலும் நட்டநடுவில் அதே வட்டம்.

“கொஞ்சம் பொறு, போகும்,” என்றான் ஏரம்பு.

அன்றைக்கும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை.

“சொல்லாமல் திருப்பிக் குடுப்பமோ?” என்று ஏரம்பு ஒரு தரம் கேட்டான். கேட்டுவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். இருவரும் கொக்குவிலுக்குச் சைக்கிள் மிதித்தார்கள். செபநாயகம் கமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

“எதுக்கு நேரை பிடிச்சனீங்கள்?”

“சூரிய பகவானுக்கு.”

“ஐயோ மாதாவே!” மனிதர் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். “உள்ளுக்கை இருக்கிறது கண்ணாடிக் குழாய், தம்பி. எங்கடை கண் மாதிரி. சூரியனைப் பார்த்தா வெந்துபோகும், பேந்து ஆறவே ஆறாது. நான் மாப்பிளையை எடுத்திருக்கிறன், பொம்பிளையை எடுத்திருக்கிறன், ஐயரை எடுத்திருக்கிறன். சூரியனை எடுக்கச்சொல்லி இந்நாள்வரை ஒருத்தரும் கேட்டதில்லையடாப்பா!”

இராசநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. வளர்ந்த மனிதன், மற்றவர் வீட்டு விறாந்தையில் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். ஏரம்பு எந்த நேரமும் போகலாம். வேறு கமரா தேட நாளும் இல்லை, வழியும் இல்லை. செபநாயகத்துக்கே மனம் கேட்கவில்லை. விலையைக் குறைத்தார், புதுக் கசற் ஒன்றும் சும்மா தந்தார்.

“நடுவை விட்டிட்டு, ஆளை ஓரத்திலை நிப்பாட்டி எடுங்கோ. முகம் தெரியும்,” என்றார்.

ஓரத்தில்! ஏரம்புவை!

மாட்டின் தோலில் இருக்கிற புள்ளியைச் சொல்வதுபோல அந்தக் கறுப்பு வட்டத்துக்கு ‘மறை’ என்று பெயர் வைத்துவிட்டுப் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். ஏரம்பு வேலியோரம் நிற்க வேண்டும். நிற்பான். வசனம் தொடங்கும், ரோசம் ஏறும், இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா, கால் தன்பாட்டில் நடுவுக்கு வந்துவிடும். முகம் மறைக்குள் போய்விடும். தலையில்லாத ராசா நாட்டு நடப்பைப் பற்றிப் பேசுவார்.

“டேய், அங்காலை தள்ளி நில்லடா!”

“எவ்வளவடா தள்ளுறது? வேலிக்கு அங்காலை போகட்டோ? ராசாவைக் கொண்டுபோய் எருக்கும்பியடியிலை நிப்பாட்டுறாய், உனக்கே நல்லாயிருக்கோ?”

“முகம் தெரியேல்லையடா விசரா!”

“என்ரை முகம் தெரியாட்டி என்ன, குரல் கேக்குதுதானே. என்ரை குரலுக்கே சனம் எழும்பி நிக்கும்.”

ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஏரம்பு அவர்களையும் விடமாட்டான், “வரி கட்டினனீங்களோ?” என்று ராசக் குரலில் அதட்டுவான். பத்மாவதி வேலியடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பெட்டியோடு நிற்கிற குணலட்சுமிக்குச் சிரிப்பில் தோள் குலுங்க, வயர் இழுபட்டு, கமராவும் குலுங்கும். இராசநாயகத்துக்கு மட்டும் சிரிப்பு வராது. நாள் போகிறதே, நாள் போகிறதே என்று அவனுடைய மண்டைக்குள் ஒரே இடி.

படத்தை வெட்டி ஒட்ட அவர்களிடம் ஒரு சாமானும் இல்லை. எடுத்தது எடுத்த வரிசையிலேயே கசற்றில் ஓடும். ஆகவே பிழைத்ததை விட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு தரமும் கசற்றைப் பின்னுக்கு ஓட்டி, பிழை தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, அதன் மேலேயே திரும்ப எடுக்க வேண்டும். ஏரம்பு ஏசினது, சிரித்தது, காலில் குத்திய முள்ளை எடுக்கக் குனிந்தது, “பசிக்குதடா, விடடா” என்று கெஞ்சினது, வேலியடியைப் பார்த்துக் கண்ணடித்தது, எல்லாவற்றுக்கு மேலும் இராசநாயகம் பொறுமையாகத் திரும்ப எடுத்தான். கடைசியில் ஓரமாய் நின்று, பிழையில்லாமல், கம்பீரமாக வசனம் பேசுகிற ராசா மட்டும் மிஞ்சினார். இராசநாயகத்துக்கு அதில் பெரிய புளுகம். கசற்றில் ஒரு தூசு இல்லை என்று குணலட்சுமியிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

தலைப்பாகை அவிழ்க்கிற கடைசிக் காட்சி ஒன்றுதான் மிச்சம். அதை எடுப்பதென்று இருந்த அன்று காலையில் ஏஜென்சிக்காரனின் ஆள் வந்துவிட்டான். மத்தியானம் வான் சந்திக்கு வருமாம்.

“விடுங்கோ. அந்த மனிசன் பெண்சாதியோடை கொஞ்ச நேரம் இருக்கட்டும்,” என்றாள் குணலட்சுமி.

இராசநாயகம் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஏரம்புவும் கேட்கவில்லை. பயணத்துக்குப் போட்டிருந்த புதுக் காற்சட்டைக்கு மேலே வேட்டியைச் சுற்றினான், தலைப்பாகையைக் கட்டினான், தன் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றான்.

“மக்களே!” என்றான். குரல் ஊரையே எழுப்பியது. கை தலைப்பாகைக்குப் போனது. கால் நடுவுக்குப் போனது.

“மறை! மறை!” என்று கத்தினான் இராசநாயகம்.

அவ்வளவுதான், ராசா போய்விட்டார். “அட கோதாரி! கடைசி நாளும் உந்த மறை என்னை விடாதோ?” என்று ஏரம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே போய்க் கிணற்றுக் கட்டில் இருந்து, தலைப்பாகையை இழுத்து முகத்தைத் துடைத்தான். “பத்மா, ஒரு செம்பு தண்ணி கொண்டாவன்,” என்றான். பிறகு கமராவைப் பார்த்து, “நாயகம், பின்னேரம் மறக்காமல் என்ரை புகையிலைக் கண்டுக்குத் தண்ணி விட்டிடு, என்ன?” என்றான். ஜேர்மனிக்குப் போகிறவன் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் விடுகிற கதை கதைக்கிறான். இராசநாயகம் கமராவை நிறுத்தவும் மறந்து நின்றான்.

சந்தியில் ஹோர்ன் அடித்தது. பத்மாவதி கொண்டுவந்த தண்ணீரை அரைவாசி குடித்து, அரைவாசி நெஞ்சில் ஊற்றிக்கொண்டு ஏரம்பு எழும்பினான். வேட்டியை அவிழ்த்து இராசநாயகத்தின் கையில் திணித்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. படத்துக்கு முடிவு இல்லாமல் போயிற்று.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், வாடகைக்கு ரீவியும் டெக்கும் எடுத்து, இராசநாயகம் வீட்டு விறாந்தையில் படத்தைப் போட்டார்கள். ஏரம்புவிடமிருந்து அதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஊர் திரண்டு வந்து இருந்தது. “எங்கடை ஒழுங்கையடா!” “உது எங்கடை மாடெல்லோ!” என்று ஒரே ஆரவாரம். நடுவில் நின்ற கறுப்பு வட்டத்தைப் பார்த்து ஒருவர், “கிரகணத்திலையோ எடுத்தனீங்கள்?” என்று கேட்டார். பத்மாவதி முன்னால் பாயில் இருந்தாள். கோயிலில் இருக்கிறமாதிரி மரியாதையாக, வாய் திறக்காமல் ராசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்ததும் இராசநாயகம் எழும்பினான். “இவ்வளவுதான். மிச்சம் பிழைச்சுப்போச்சு,” என்று டெக்கை நிறுத்தக் கையைக் கொண்டுபோனான். அதற்குள் ரீவிக்குள் ஏரம்பு சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

“நிப்பாட்டாதேங்கோ அண்ணை!” என்றாள் பத்மாவதி.

ஏரம்பு கிணற்றுக் கட்டில் போய் இருந்தான். அங்கே மறை இல்லை. முகம், பல், நெற்றி வியர்வை எல்லாம் துலாம்பரமாகத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“பத்மா, ஒரு செம்பு தண்ணி கொண்டாவன்.”

பத்மாவதி கையை நிலத்தில் ஊன்றி அரைவாசி எழும்பிவிட்டாள். எழும்பிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது. மெல்லத் திரும்பவும் இருந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. புகையிலைக் கன்று, தண்ணீர் எல்லாம் சொல்லி முடிந்து, படம் அறுந்து, ரீவியில் வெறும் புள்ளிகள் பறந்தன.

“உப்பிடி வேறையும் இருக்குத்தானே அண்ணை?” என்று கேட்டாள். “அவர் உங்களை ஏசினது, றோட்டாலை போற சனத்தோடை சேட்டை விட்டது… நான் வேலியடியிலை நிண்டு பார்த்தனான், எல்லாத்தையும் எடுத்தனீங்கள். ராசா வேண்டாம் அண்ணை. அவரைப் போடுங்கோ.”

இராசநாயகம் குணலட்சுமியைப் பார்த்தான், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இருந்தது தங்கச்சி,” என்றான். “எல்லாத்துக்கு மேலையும் நான் ராசாவை எடுத்துப்போட்டன்.”

பத்மாவதி புள்ளி பறக்கிற ரீவியைப் பார்த்தாள்.

“அப்ப உந்தத் துண்டை இன்னொருக்காப் போடுங்கோ,” என்றாள்.